அஞ்சாவது சிலேட்டு

"அந்த அம்மாவை மாத்திருங்க, வாத்தியாரம்மா."

குருவையா வந்து நின்றபோது ஜுலைகா சிலேட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எந்த அம்மா, அண்ணாச்சி?"

"அஞ்சாவது நாற்காலி. ஊதாச் சேலை."

"சீனியம்மாவையா? என்ன குறை அவங்ககிட்ட?"

"அவங்களுக்குக் கவிதை தெரியாது."

"மூணு வருஷத்துக்கு முந்தி உங்களுக்கும்தான் தெரியாது."

"எழுதப் படிக்கத் தெரியுமோ என்னமோ."

"நாள் பூரா காலண்டர் எண்ணிக் கட்டுறவங்க. நம்பர் போடத் தெரியும்."

ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பந்தயத்தில் கடிகாரம் பிடிக்கிற ஆள் நான். என் மேசை அங்கேதான் கிடக்கிறது.

பந்தயம் என்றால் கவிதைப் பந்தயம். பட்டணத்தில் ஸ்லாம் என்கிறார்கள். இங்கே சிவகாசியில், ஒரு அச்சாபீஸ் மாடியில், மாசத்துக்கு ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு நடக்கிறது. சொந்தக் கவிதை மட்டும்தான் சொல்லலாம். மூணு நிமிஷம். போனால் போகிறதென்று மேலே பத்து செகண்டு. அதையும் தாண்டினால் ஒவ்வொரு பத்து செகண்டுக்கும் அரை மார்க்கு வெட்டு. விசில் ஊதுவதும் நான்தான். ஆறு வருஷத்தில் ஒரு தடவை கூட ஊதாமல் விட்டதில்லை. என் சொந்தத் தம்பிக்கே ஊதியிருக்கிறேன், அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நடுவர்கள் புலவர்கள் இல்லை. கவிதை கேட்க வந்தவர்களின் பேரைச் சீட்டில் எழுதி, மிட்டாய் டப்பாவில் போட்டுக் குலுக்கி, அஞ்சு பேரை எடுப்போம். ஆளுக்கு ஒரு சிலேட்டு. சைபரிலிருந்து பத்து வரைக்கும் மனசுக்குப் பட்டதைப் போடலாம். அஞ்சில் உச்சத்தையும் அடியையும் வெட்டிவிட்டு நடுவில் இருக்கும் மூணைக் கூட்டுவோம். ஒருத்தருடைய பாசம் ஆளைத் தூக்கிவிடக் கூடாது, இன்னொருத்தருடைய வயிற்றெரிச்சல் ஆளைக் கவிழ்த்துவிடக் கூடாது, அதற்காக.

இன்றைக்குச் சீட்டு எடுத்தது என் கைதான். அஞ்சாவதாக வந்தது சீனியம்மா. கீழே பைண்டிங்கில் ரெண்டு மாசமாக வேலை பார்க்கிற அம்மா. டீயும் வடையும் உண்டு, மேலே வாங்க என்று ஜுலைகாதான் செக்‌ஷன் முழுவதையும் கூப்பிட்டிருந்தாள்.

ஜுலைகாவுக்கு முப்பத்துமூணு வயசு. அதே பைண்டிங்கில் வேலை. இந்தப் பந்தயத்தை நடத்துவதும் அவள்தான், அதனால் எங்களுக்கெல்லாம் வாத்தியாரம்மா. குருவையாவுக்கு ஐம்பத்திரண்டு, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் பேப்பர் ரீல் இறக்க வந்தவர் மாடியில் கேட்ட சத்தத்துக்கு ஏறி வந்து, அப்படியே அவளிடம் ஒட்டிக்கொண்டார். எழுதினதை எல்லாம் அவளிடம்தான் காட்டுவார். அவள் நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டாள், நல்லா இல்லை என்றும் சொல்ல மாட்டாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"நடுவரை மாத்த வழி இருக்கு," என்றாள் ஜுலைகா.

அவர் முகத்தில் உயிர் வந்தது.

"உறவு, பழக்கம், பகை, இதுல ஏதாவது இருந்தா மாத்தலாம். என்னன்னு எழுதிக் குடுங்க. இவர் மைக்ல படிப்பார். மாத்திருவோம்."

ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

மைக்கில் படிக்கிற சட்டம் வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. முன்னே ஒருத்தன் தனக்குக் குறைச்சலாக மார்க்கு போடுகிற ஆளை எல்லாம் சொந்தக்காரன், பங்காளி என்று சொல்லி எடுக்கவைத்தான். விஷயம் தெரிந்து சண்டையில் ரெண்டு நாற்காலி போயிற்று. அன்றிலிருந்து எதுவானாலும் எல்லார் காதிலும் விழ வேண்டும்.

குருவையா பேனாவை எடுத்தார். தன் பேரை எழுதினார். சீனியம்மாள் என்று எழுதினார். அடுத்த வரி, உறவு.

பேனா அங்கே நின்றது.

நான் கடிகாரம் பார்க்கிற பழக்கத்தில் பார்த்தேன். ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்றது. கை நடுங்கியதில் தாளில் புள்ளி புள்ளியாக மை விழுந்திருந்தது.

"என்ன உறவு, அண்ணாச்சி?"

"கனகுவோட அம்மா," என்றார், காற்று மாதிரி.



கனகு என்பது அவருடைய கவிதை. திருநெல்வேலியில் அதற்கு ஒரு சிலேட்டில் ஒன்பது புள்ளி ஏழு விழுந்தது. மதுரையில் ஒரு நடுவர் மார்க்கு போடாமல் அழுதுகொண்டே இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டாசு ஆலையில், நாலாம் நம்பர் ரூம் வெடித்தபோது, உள்ளே சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றியது. குருவையா அப்போது அங்கே போர்மேன். அந்தக் கவிதையை அவர் வெளியூரில் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இங்கே இன்றைக்குத்தான் முதல் தடவை. ஏனென்றால் இன்றைக்கு ஜெயிக்கிறவர் சென்னையில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் போகிறார். மூணு வருஷமாக அவருக்கு அந்த ஒரே நினைப்புதான்.

கனகு என்று நிஜமாகவே ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அவங்களுக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜுலைகா.

"தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்கும் போகலை, துட்டி கேக்க வீட்டுக்கும் போகலை. மறுநாளே திருப்பூருக்குப் போயிட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டோ வந்துச்சு. வெட்டி வச்சிருக்கேன்."

"அப்ப உறவுங்கிற இடத்துல அதை எழுதுங்க."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"முட்டை போடுவாங்க," என்றார்.

"போடட்டும்."

"அடி மார்க்கை வெட்டிருவீங்கள்ல?"

"வெட்டிருவேன்."

"மத்த நாலு பேரும் ஒன்பதுக்கு மேல போட்டா, அவங்க போடுற முட்டையால எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது."

ஜுலைகா அடுத்த சிலேட்டை எடுத்துத் துடைத்தாள்.

"அப்ப எதுக்கு அண்ணாச்சி கை நடுங்குது?" என்று கேட்டாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற கவிதை இருக்குல்ல உங்ககிட்ட."

"மழைக் கவிதை இருக்கு. ஆறுக்கு மேல தேறாது."

"பேரை மாத்திச் சொல்லுங்க."

"கீழ இருக்கவங்களை எல்லாம் கூப்பிட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சதும், நேத்து ராத்திரியே மாத்திப் பாத்தேன். வாய்ல கனகுன்னுதான் வருது."

ஜுலைகா கடைசிச் சிலேட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

"இன்னைக்கு உப்புப் பாக்குறவர் வரலை. நீங்க பாருங்க."

பந்தயம் தொடங்கும் முன்னால் போட்டியில் இல்லாத ஒருத்தர் மேடை ஏறி ஒரு கவிதை சொல்வார். நடுவர்கள் அவருக்கு மார்க்கு போட்டுக் கை பழகிக்கொள்வார்கள். அந்த மார்க்கு எந்தக் கணக்கிலும் சேராது. வெளியூரில் அவரைப் பலிக் கவிஞர் என்கிறார்கள். நாங்கள் உப்புப் பார்க்கிறவர் என்போம். அன்றைக்கு அவர் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது.

"அந்தக் கவிதையையே சொல்லுங்க," என்றாள் ஜுலைகா. "முதல்ல சொல்லிருங்க. அதுல மார்க்குக் கணக்கு இருக்காது, நீங்களும் அவங்களும்தான் இருப்பீங்க."

குருவையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புப் பாத்தா பந்தயத்துல சேத்துக்க மாட்டீங்களே."

"மாட்டேன்."

"மூணு வருஷம், வாத்தியாரம்மா."

"ஆமா."

"முடியாது."

"சரி," என்றாள். கோபப்படவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

உப்புப் பார்க்க அவளே மேடை ஏறினாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட ரெண்டு பெண்களைப் பற்றி ஒரு கவிதை, தடதடவென்று சொன்னாள். கூட்டம் சிரித்தது. சிலேட்டுகள் எழுந்தன. எட்டு, எட்டரை, எட்டு, ஒன்பது. அஞ்சாவது சிலேட்டில் மூணு.

கூட்டம் ஓவென்று கத்தியது. நடுவரைக் கூட்டம் கேலி செய்யலாம், அது இங்கே வழக்கம்.

சீனியம்மா யாரையும் கண்டுகொள்ளவில்லை. "வேகமாச் சொல்லிட்ட தாயி," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "பாதி விளங்கலை. மெதுவாச் சொன்னாத்தானே மனசுல நிக்கும்."

ஜுலைகா கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

நான் குருவையாவைப் பார்த்தேன். அந்த அம்மா அசிரத்தையாக வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நம்பியிருந்தார் போல. அவள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிற ஆள் என்று தெரிந்ததும் மனுஷன் முகம் செத்துவிட்டது.

அப்புறம் வரிசைச் சீட்டு. ஏழு பேர். குருவையா கையை விட்டு எடுத்தார். ஏழு.

ஆறு பேர் முடிகிற வரைக்கும் அவர் காத்திருக்க வேண்டும்.

முதல் ஆள் போனான். ரெண்டாவது ஒரு கல்லூரிப் பெண். மூணாவது ஆள் நேரம் தாண்டி, நான் ஊதினேன். ஒவ்வொரு தடவையும் சிலேட்டுகள் எழும்போது குருவையா அஞ்சாவதை மட்டும் பார்த்தார். ஆறு. ஏழு. நாலரை. அந்த அம்மா நினைத்து நினைத்துத்தான் போட்டாள். போடும் முன்னால் சொன்னவர் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தாள்.

நாலாவது ஆள் மேடையில் இருக்கும்போது குருவையா தண்ணீர் குடிக்க எழுந்தார். தண்ணீர் கேன் நடுவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் குழாய் இறுக்கம், நிதானமான கைக்குத்தான் திறக்கும். அவர் போய்த் திருகித் திருகிப் பார்த்தார்.

ஊதாச் சேலை எட்டி, ஒரு திருகில் திறந்து, தம்ளரை நிரப்பி நீட்டியது.

"குடிங்கய்யா. இப்படி வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு."

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். ஜுலைகாவும் அங்கேதான் மார்க்கு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடுக்காங்க, வாத்தியாரம்மா."

"குடிங்க."

"எறங்க மாட்டேங்குது."

"அப்ப கையில வச்சிருங்க."

வைத்துக்கொண்டார். அஞ்சாவது ஆள் முடித்தபோதும் அவர் கையில் தம்ளர் இருந்தது. ஆறாவது ஆள் முடித்தபோதும் இருந்தது. பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்திருந்தது. ஓடிப்போங்களேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. வண்டி கீழேதான் நிற்கிறது, மாடிப்படி பத்து அடியில் இருக்கிறது. அவரும் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு பேரில் உச்சம் இருபத்தாறரை. குருவையா வழக்கமாக வாங்குவதை வாங்கினாலே ஜெயித்துவிடலாம்.

ஜுலைகா மைக்கில் பேரைச் சொன்னாள்.

அவர் தம்ளரை என் மேசையில் வைத்துவிட்டு மேடைக்குப் போனார்.

நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

"கனகு," என்று தொடங்கினார்.

அஞ்சாவது நாற்காலியில் ஒரு அசைவு. அவ்வளவுதான். அந்த அம்மா சிலேட்டை மடியில் கவிழ்த்து அதன்மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

பழகின கவிதை அவரை இழுத்துக்கொண்டு போனது. குரல் எங்கே ஏறணுமோ ஏறியது, எங்கே இறங்கணுமோ இறங்கியது. நாலாம் நம்பர் ரூம். மருந்து படிந்த விரல். கல்யாணத்துக்கு என்று அவள் சேர்த்த பட்டுச்சேலைக் காசு. பிறகு அந்தச் சத்தம். பிறகு புகை. பிறகு, அவர் அவளைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் மடியில் கிடத்திக்கொள்கிறார்.

"ரெண்டே சொல் கேட்டாள்
'அண்ணாச்சி, தண்ணி'
ஆறு வருஷம் ஆச்சு
அந்தத் தண்ணி
இன்னும் என் தொண்டையைத் தாண்டலை."

இந்த இடத்தில்தான் மதுரை அழுதது. சிவகாசியும் அழுதது. எங்கள் ஊரில் இதைக் கேட்டு அழாதவன் யார், ஒரு வீடு விட்டு ஒரு வீடு இந்தத் துக்கம் இருக்கிறது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நாலு நடுவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் சிலேட்டில் ஒன்பது புள்ளி எட்டு என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அஞ்சாவது சிலேட்டு கவிழ்ந்தே கிடந்தது.

கைதட்டல் ஓய்ந்தது. சீனியம்மா எழுந்து நின்றாள்.

"அய்யா," என்றாள். "தண்ணி கேட்டான்னு சொன்னீங்களே. குடுத்தீங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஆறு வருஷமாக யாரிடமாவது கேட்கணும் என்று வைத்திருந்ததைக் கேட்டாள், அவ்வளவுதான்.

குருவையா ஜுலைகாவைப் பார்த்தார்.   காப்பாத்து என்கிற பார்வை.

எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. நல்லவேளை என்றுகூட நினைத்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நடுவர் கவிஞர்கிட்டப் பேசக் கூடாது, வாத்தியாரம்மா," என்றேன்.

ஜுலைகா என் பக்கம் திரும்பினாள்.

"கடிகாரத்தை நிறுத்திட்டீங்களா?"

"இல்லை."

"எவ்வளவு?"

"ரெண்டு நிமிஷம் ஐம்பது."

"அப்ப இன்னும் அவர் நேரம்தான்," என்றாள்.

மேடையிலிருந்த மனுஷன் அதைக் கேட்டார். மைக்கை விட்டு ஒரு எட்டு தள்ளி நின்றார். கேட்பவர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"குடுக்கலைம்மா," என்றார்.

அந்த அம்மா காத்திருந்தாள்.

"மடியில கிடந்தான்னு சொன்னீங்க," என்றாள்.

"கிடக்கலை."

மூணு நிமிஷம்.

"நான் தூக்கலை. சத்தம் கேட்டதும் ஓடிட்டேன். வேப்பமரத்துக்கிட்ட போறப்ப பின்னாடி கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. அண்ணாச்சி தண்ணின்னு. கனகு சத்தம்தான், எனக்குத் தெரியும். திரும்பிப் பாக்கலை."

மூணு நிமிஷம் பத்து செகண்டு. விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை.

"பக்கத்துலயே டிரம் இருந்துச்சும்மா. தண்ணி நிறைய இருந்துச்சு."

அரை மார்க்கு போயிற்று.

"கேட்டுக்கு வெளிய போய் நின்னேன். உள்ள போறேன்னு போனவனை எல்லாம், யாரும் இல்லை, எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லித் தடுத்தேன்."

ஒரு மார்க்கு. ஒன்றரை. தான் பேசப் பேச மார்க்கு போகிறது என்று அவருக்குத் தெரியும். மூணு வருஷம் இந்த மாடியில் உட்கார்ந்தவர். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

"அவ்வளவுதான்மா," என்றார். "நான்தான் அந்தப் போர்மேன்."

இனி அவள் என்ன செய்வாளோ என்று மாடி முழுக்க சீனியம்மாவையே பார்த்தது. குருவையா அடி வாங்கத் தயாரானவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். 

சீனியம்மா மடியிலிருந்து கீழே விழுந்திருந்த சாக்பீஸை எடுத்து, சிலேட்டோடு சேர்த்து நாற்காலியில் வைத்தாள். நடந்து வந்து மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் காலடியில் அவருக்கும் ஓர் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில நான் பழையசோறு கட்டிக் குடுத்துப் பஸ் ஏத்திவிட்டேன்," என்றாள். "அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தரும் சொல்லலை."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பஸ் வந்ததுல இருந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."